எரிசக்திச் சேமிப்புச் சட்டமும் தாராவியின் ஜன்னல்களும்

(மாட்டுங்காவில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூலி, ரேஷன், குடியிருப்பு என்று நாம் பேச வேண்டியவை ஏராளமாக இருக்கும்போது, மின்சாரச் சிக்கனத்தைப் பற்றி ஒரு கூட்டமா என்று சிலர் வியக்கக்கூடும். மின்விசிறியை எப்போது நிறுத்த வேண்டும் என்று நம் மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. மாதக் கடைசியில் வரும் பில் அதைக் கற்பித்துவிடுகிறது. ஆனால் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இன்று ஆலைகளோடு நின்றுவிடவில்லை. வீடு கட்டும் விதிகளுக்குள்ளும் அது நுழைந்துவிட்டது. தாராவி இடிக்கப்பட்டு மாடிக் கட்டடங்களாக எழவிருக்கும் நேரத்தில், அச்சட்டம் நமக்குப் பயன்படுமா, நம்மைத் தாண்டிச் சென்றுவிடுமா என்பதை நாம் தீர்மானித்தாக வேண்டும்.

மும்பையின் மின்சாரத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1915-இல் கோபோலியில் டாட்டாவின் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலக்கரியில் ஓடிய பஞ்சாலைகள் அந்த மலிவான மின்சாரத்துக்கு மாறின. அடுத்து முல்ஷியில் அணை கட்ட முற்பட்டபோது, தங்கள் நிலங்கள் நீரில் மூழ்குவதை எதிர்த்து 1921-இல் சேனாபதி பாபட் தலைமையில் விவசாயிகள் சத்தியாகிரகம் செய்தார்கள். அணை கட்டப்பட்டது, நிலங்கள் மூழ்கின. ஆலை முதலாளிக்கு எரிபொருள் செலவு மிச்சம், மாவள் விவசாயிக்கு நிலம் போயிற்று. யாருக்காகச் சிக்கனம், யாருடைய செலவில் என்ற கேள்வி இந்த நகரத்தில் நூறாண்டுகளாக இருந்துவருகிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2001-இல் நிறைவேற்றப்பட்ட இச்சட்டம் 2002 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எரிசக்தித் திறன் பணியகம் இதன்கீழ் அமைந்ததே. குளிர்சாதனப் பெட்டியின் மீது நாம் காணும் நட்சத்திரக் குறி 2006-இல் வந்தது. 2010-இல் செய்யப்பட்ட திருத்தம் ஆலைகளுக்கான எரிசக்திச் சேமிப்புச் சான்றிதழ்களைக் கொண்டுவந்தது. குறித்த இலக்கைவிட அதிகம் சேமித்த ஆலை சான்றிதழை விற்கலாம்; சேமிக்காத ஆலை அதை வாங்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம்.

2012 முதல் 2015 வரையிலான முதல் சுற்றில் எட்டுத் தொழில்துறைகளைச் சேர்ந்த 478 ஆலைகள் இடம்பெற்றன. இலக்கு சுமார் 66.9 லட்சம் டன் எண்ணெய்க்கு நிகரான சேமிப்பு. கிடைத்ததாக அரசு அறிவித்தது 86.7 லட்சம் டன். இலக்கை முப்பது விழுக்காடு மிஞ்சிய சாதனை என்று இதைக் கொண்டாடினார்கள். முதல் தேர்விலேயே வகுப்பு மொத்தமும் இப்படித் தேறினால், வினாத்தாள் எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்று ஆசிரியரைத்தான் கேட்க வேண்டும்! இன்னொன்றையும் கவனியுங்கள். ஆலைக்கான இலக்கு, ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு எரிசக்தி என்ற விகிதத்தில்தான் வைக்கப்படுகிறது. உற்பத்தி பெருகினால் மொத்த நுகர்வு ஏறிக்கொண்டே போகலாம். குடிசைவாசியின் சிக்கனத்தில் விகிதம் எதுவும் கிடையாது. விளக்கை அணைக்கிறான், இருளில் இருக்கிறான்.

2022-இல் வந்த திருத்தம் இன்னும் முக்கியமானது. ஆகஸ்ட் 8 அன்று மக்களவை அதை நிறைவேற்றியது. மின் விநியோகத்தைத் தனியாருக்குத் திறந்துவிடும் மின்சாரத் திருத்த மசோதாவும் அதே நாளில், அதே அவையில்தான் அறிமுகமானது. மின் ஊழியர்களும் விவசாயிகளும் எதிர்த்ததால் அந்த மசோதா நிலைக்குழுவுக்குப் போயிற்று. எரிசக்தித் திருத்தம் 2023 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. கார்பன் வரவுகளை வாங்கி விற்கும் சந்தைக்கு அது வழி திறந்தது. கூடவே, பெரிய குடியிருப்புக் கட்டடங்களையும் கட்டட விதித் தொகுப்பின்கீழ் கொண்டுவந்தது. 100 கிலோவாட் இணைப்புச் சுமை என்பது வரம்பு. நூறு வீடும் ஒரு மின்தூக்கியும் நீரேற்றும் மோட்டாரும் உள்ள கட்டடம் இந்த வரம்பைத் தாண்டிவிடும். அதாவது மறுவாழ்வுக் கட்டடங்களும் இதற்குள் வர முடியும்.

சந்தையைப் பற்றி முதலாளித்துவ ஏடுகள் பக்கம் பக்கமாக எழுதின. ஜன்னலைப் பற்றி எழுதுவாரில்லை. நாம் ஜன்னலைப் பற்றிப் பேசுவோம்.

குடியிருப்புகளுக்காக ஒன்றிய அரசு 2018-இல் ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித் தொகுப்பை வெளியிட்டது. மும்பை, சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில், வீட்டின் உட்பரப்பில் 16.66 விழுக்காடு, அதாவது ஆறில் ஒரு பங்கு, திறக்கக்கூடிய ஜன்னலாக இருக்க வேண்டும் என்கிறது அது. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் நீண்டகாலம் கொடுக்கப்பட்ட வீடு 269 சதுர அடி. அதற்கு ஏறத்தாழ 45 சதுர அடி ஜன்னல் வேண்டும். நாலடிக்கு நாலடி ஜன்னல் இரண்டு வைத்தாலும் 32 சதுர அடிதான் தேறும். நடைவழியைப் பார்த்த வாசற்கதவு இக்கணக்கில் சேராது. தாராவியில் தகுதி பெற்றோருக்கு இப்போது வாக்களிக்கப்படும் 350 சதுர அடி வீட்டுக்கு 58 சதுர அடி தேவை.

ஜன்னல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் சாட்சி தேட வேண்டாம். செம்பூரைத் தாண்டினால் மான்கூர்டு, கோவண்டி. அங்கே லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரிக் காம்பவுண்ட் போன்ற மறுவாழ்வுக் குடியிருப்புகளில் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே மூன்று மீட்டர் அளவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். கீழ்த்தளங்களில் நண்பகலிலும் விளக்கு எரிய வேண்டும்; நாள் முழுதும் மின்விசிறி சுழல வேண்டும். வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லாமைக்கும் அங்கே காசநோய் பரவுவதற்கும் உள்ள தொடர்பை 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. கட்டியவனுக்கு இடம் மிச்சமாயிற்று. மின் கட்டணமும் மருத்துவச் செலவும் குடியிருப்பவன் தலையில் விழுந்தன. சிக்கனமாக இருங்கள் என்று அந்த மக்களுக்கு அறிவுரை சொல்பவர், வீணடிப்பு சுவரிலேயே கட்டிவைக்கப்பட்டிருப்பதைப் பார்க்க மறுக்கிறார்.

தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் கேட்டு அதானி குழுமம் எடுத்தது. திட்ட நிறுவனத்தில் 80 விழுக்காடு அதற்கு. 20 விழுக்காடு மாநில அரசுக்கு. செம்பூர் உள்ளிட்ட புறநகரில் மின்சாரம் விற்பதும், இந்தப் பக்கம் பெஸ்ட் பகுதியில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தும் ஒப்பந்தத்தைப் பெற்றதும் அதே குழுமம். இருட்டான வீட்டைக் கட்டுபவனும் அந்த இருட்டுக்கு மீட்டர் வைப்பவனும் ஒருவனாக இருக்கும்போது, சிக்கனத்தை அவன் தானாகச் செய்வான் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

அப்படியானால் சட்டத்தையே எதிர்க்கலாமே என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கார்பன் சந்தையை எதிர்ப்போம். திறன் என்ற கோரிக்கையை முதலாளிகளிடம் விட்டுக்கொடுக்கக் கூடாது. எல்.இ.டி. பல்பின் கதையை நினைத்துப் பாருங்கள். 2014-இல் ஒரு பல்பு 310 ரூபாய்க்குக் கொள்முதலானது. பொதுத்துறை மின் நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய இ.இ.எஸ்.எல். கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்க முன்வந்ததும், இரண்டே ஆண்டில் அது 38 ரூபாய்க்கு இறங்கியது. விலையை இறக்கியது அரசின் மொத்தக் கொள்முதல். அந்தப் பெருமையைப் பிரதமரின் படத்துக்குக் கொடுத்துவிட்டு, பொதுத்துறையை விற்கிறார்கள்.

இதையே மின்விசிறிக்கும் செய்யலாம். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கிறது, புதிய பி.எல்.டி.சி. வகைக்கு 30 வாட் போதும். தினம் 16 மணி நேரம் ஓடும் ஒரு மின்விசிறியில் மாதம் 21 யூனிட் மிச்சமாகும். ஆனால் விலை ஏறத்தாழ இருமடங்கு. மாதக் கூலியில் அதை ஒரே தவணையில் வாங்க நம் குடும்பங்களால் இயலாது. மொத்தக் கொள்முதல் விலைக்குக் கொடுத்து, தொகையை பெஸ்ட் பில்லில் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்ளலாம். வாடகைக் குடித்தனக்காரர்களையும் இதில் சேர்க்க வேண்டும். உரிமையாளர் சொல்லும் விலைக்கு யூனிட் பணம் கட்டுகிறவர்கள் அவர்கள்தாம்.

ஒன்றிய அரசின் விதியை மாநில அரசு அறிவிக்கை செய்து, கட்டட அனுமதி விதிகளோடு இணைத்தால்தான் அது கட்டுநரைக் கட்டுப்படுத்தும். ஆகவே ஆறில் ஒரு பங்கு ஜன்னல் என்பதைத் தாராவியின் ஒவ்வொரு மறுவாழ்வுக் கட்டட வரைபடத்துக்கும் கட்டாய நிபந்தனையாக்கக் கோருகிறோம். முலுண்டுக்கும் தேவ்னாருக்கும் அனுப்பப்படவிருக்கும் ‘தகுதியற்றவர்’களின் வாடகை வீடுகளுக்கும் அதே நிபந்தனை வேண்டும். விதியில் ஓர் ஓட்டையும் உண்டு: காற்றுக்குழியை நோக்கித் திறக்கும் ஜன்னலையும் அது கணக்கில் ஏற்கிறது. எனவே கட்டடங்களுக்கு இடையிலான தூரத்தையும் சேர்த்தே கோர வேண்டும். இல்லையேல் ஜன்னல் கிடைக்கும், காற்று வராது.

அருகிலுள்ள மாட்டுங்கா லேபர் கேம்ப்பில்தான் அண்ணாபாவ் சாட்டே வாழ்ந்தார். 1944-இல் அமர் ஷேக்கோடு செங்கொடிக் கலைக்குழுவை அமைத்தார். அந்தத் தெருக்களில் வீடு வீடாகப் போவது நமக்குப் புதிதல்ல. இம்மாதத்தில் கிளைத் தோழர்கள் ஆளுக்கு ஓர் அளவுநாடாவோடு, ஏற்கெனவே கட்டி முடிந்த மறுவாழ்வுக் கட்டடங்களுக்குச் செல்லுங்கள். வீட்டின் பரப்பு, திறக்கும் ஜன்னலின் அளவு, எதிர்க் கட்டடத்தின் தூரம், பகலில் விளக்கெரியும் நேரம், கடைசி மூன்று மாத பில் தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பெண் தோழர்கள் கட்டாயம் உடன் வர வேண்டும். பகல் முழுதும் அந்த வீட்டுக்குள் இருப்பவர்கள் அவர்களிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். சேர்ந்த கணக்கை மனுவாக்கி, வரைபடங்களுக்கு அனுமதி தரும் அலுவலகத்தின் முன் அந்த வீட்டுக்காரர்களோடு சென்று அளிப்போம்.