மரத்துண்டில் ஓர் ஒலிபெருக்கி

(கணபதியில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறியது. ஒரு சாண் நீளமுள்ள மரத்தைக் கொண்டு, மின்சாரத்தின் உதவியின்றி, கைபேசியின் குரலைப் பெருக்கிக் கேட்பது எங்ஙனம் என்பதே அது. "சங்கக் கூட்டத்தில் பேச இதுதானா கிடைத்தது?" என்று பெரியோர் சிலர் நகைக்கக்கூடும். முடிவுவரை பொறுத்துக் கேட்டபின் தீர்ப்பளிக்குமாறு பிரார்த்திக்கிறோம்.

நம் இல்லத்தில் வயது முதிர்ந்த தாயார் இருக்கிறார். வெளிநாட்டிலுள்ள பேரன் வாரந்தோறும் கைபேசியில் அவரோடு பேசுவான். அம்மையாரோ, "சத்தம் வருகிறது, சொல் விளங்கவில்லை" என்று கருவியை நம்மிடமே நீட்டிவிடுவார். அவன் சொல்வதை நாம் உரக்கத் திருப்பிச் சொல்வோம். பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே நாம் துபாஷியாக நிற்க நேர்ந்தது நமக்குப் பெரிதும் வருத்தம் தந்தது. இம்முயற்சிக்கு அதுவே காரணம்.

முதலில் இதன் தத்துவத்தைக் கூறுவோம். கைபேசியின் ஒலித்தகடு மிகச் சிறியது. அது எவ்வளவு அதிர்ந்தாலும் வெளியிலுள்ள பரந்த காற்றைப் பற்றித் தள்ள அதனால் இயலுவதில்லை. நீரை ஒரு விரலால் தள்ளுவதற்கும் துடுப்பால் தள்ளுவதற்கும் உள்ள வேற்றுமையை நினைத்துப் பாருங்கள். சிறு வாயில் தொடங்கி, மெல்ல மெல்ல அகன்று, பெரு வாயில் முடியும் குழலை அத்தகட்டின் முன் வைத்தால், அக்குழலே அதற்குத் துடுப்பாகிறது. ஒலியையும் சிதறவிடாது முன்னோக்கிச் செலுத்துகிறது. குழல் புதிய சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. வீணாகும் சக்தியைப் பயன்படச் செய்கிறது, அவ்வளவே. எமில் பெர்லினர் 1887இல் கண்ட கிராமபோன் நெடுங்காலம் இத்தகைய கூம்பைக் கொண்டே பாடிற்று. 1906இல் அமெரிக்காவில் வெளிவந்த விக்ட்ரோலா என்னும் பெட்டியில், அக்கூம்பை மரத்துக்குள்ளேயே மறைத்து வைத்தார்கள்.

இவ்வித்தை நமக்குப் புதியதன்று. நாகஸ்வரத்தின் அடியில் விரிந்து நிற்கும் அனசு இவ்வினத்தைச் சேர்ந்ததே. தஞ்சை ஜில்லா நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்வோர் தச்சு மரபினரே. வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் விருப்பத்துக்கிணங்கச் சுருதி குறைந்த பாரி நாகஸ்வரத்தைத் திருத்தியமைத்தவர் அவ்வூர் ரங்கநாத ஆசாரியாரே. அவ்வூர் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

இனிச் செய்முறை. நன்கு காய்ந்த தேக்குத் துண்டுகள் இரண்டு தேவை. ஒவ்வொன்றும் 8 அங்குல நீளமும், 4 அங்குல உயரமும், 2¾ அங்குல கனமும் இருக்கட்டும். அவற்றைப் புத்தகத்தின் இரு பக்கங்கள்போல் விரித்து வைத்து, அட்டையில் வெட்டிய ஒரே வடிவத்தை இரண்டிலும் வரைக. பின்புற மேல்பாகத்தில் அரை அங்குல வாயாகத் தொடங்கி, கீழே இறங்கி, வளைந்து முன்னேறி, முன்முகத்தில் 3 அங்குல வாயாக விரியுமாறு இருபாதியிலும் குடைக. உட்புறத்தை உப்புத்தாளால் வழவழப்பாக்குக. வார்ப்படத்துக்கு மர அச்சு செய்வோர் இரு பாதிகளையும் முளை வைத்துப் பொருத்துவதுபோல் இதற்கும் முளை வைத்தால் பிசகாது. மேலே கைபேசி நிற்பதற்கு 3¼ அங்குல நீளமும், அரை அங்குல அகலமும், முக்கால் அங்குல ஆழமும் உள்ள பள்ளம் போதும். எனினும் அவரவர் கைபேசியை அளந்து கொள்வதே உத்தமம். பள்ளத்தின் அடியில் மெல்லிய தோலை ஒட்டி, ஒலி வரும் இடத்தில் மட்டும் துளையிட்டால் காற்றுக் கசியாது.

நம் முதல் முயற்சி பாழாயிற்று என்பதை ஒளிக்க விரும்பவில்லை. அவசரப்பட்டுப் பள்ளத்தின் நட்டநடுவே துளையிட்டோம். கைபேசியைத் திருப்பிப் பார்த்தபோதுதான், ஒலித்துளைகள் நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருப்பது தெரிந்தது. ஒலி மரத்தில் முட்டி அடங்கிவிட்டது. நல்ல தேக்கு விறகாயிற்று. ஆதலால் ஒலித்துளை இரு பாதியும் கூடும் கோட்டின்மேல் வருமாறு பள்ளத்தைச் சற்றே ஒருபுறம் தள்ளி வெட்டுக. பசையிடுமுன் இரு பாதியையும் கயிற்றால் இறுகக் கட்டி ஒருமுறை கேட்டுப் பார்ப்பதும் அவசியம்.

இரண்டாவது துண்டு தயாரானதும் தாயார் முன் வைத்தோம். பேரன், "பாட்டி, சாப்பிட்டீங்களா?" என்றான். அம்மையார் நம் முகத்தைப் பாராமலே, "ஆச்சு கண்ணு, நீ சாப்பிட்டியா?" என்றார். நம் துபாஷி உத்தியோகம் அன்றோடு போயிற்று.

இதன் குறைகளையும் கூறவேண்டும். பேச்சு நன்கு தெளியும். மிருதங்கத்தின் தொப்பி நாதம்போன்ற தாழ்ந்த ஒலிகள், குழல் குறுகியதாதலால், அவ்வளவாகப் பெருகமாட்டா. கைபேசியின் ஒலிவாங்கியும் பள்ளத்துள் அடங்குவதால், விடை சொல்லும்போது அதை வெளியே எடுத்துப் பேசுவது நலம். செவிக் குறை மிகுந்தோர்க்கு இது மருந்தன்று. அவர்களை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே கடமை.

சகோதரர்களே! கணபதியைச் சூழ்ந்த வார்ப்படச்சாலைகளுக்கு மர அச்சுச் செய்து கொடுத்த கைகள் நம் வீடுகளில் உண்டு. இன்று அவ்வேலையிற் பெரும்பகுதியை இயந்திரங்கள் செய்கின்றன. நம் பிள்ளைகள் கணக்கும் கணினியும் கற்பது நன்றே. அதைத் தடுப்பார் யாருமிலர். ஆயினும் பாட்டனார் தீட்டி வைத்த உளி பெட்டியில் துருவேறிக் கிடக்க, அதைப் பிடிக்கும் விதம் பேரனுக்குத் தெரியாமற் போவது நியாயமா? விடுமுறை நாள் ஒன்றில் ஒரு பிள்ளையை அருகில் இருத்தி இச்சிறு கருவியைச் செய்து பாருங்கள். மரத்தின் ரேகை எப்புறம் ஓடுகிறது, உளி எங்கே வழுக்கும் என்பவற்றை அவன் கை தானே அறிந்துகொள்ளும். வீட்டு முதியோருக்கும் ஓர் உபகாரமாகும்.