தராசு காட்டாத கொழுப்பு

(தோட்டச் சமூக மண்டபமொன்றில் ஆற்றிய உரை)



சற்று முன்னர் இம்மண்டப வாயிலில் வைக்கப்பட்டிருந்த தராசில், பருத்த உடலினர் ஏறியபோது சிரிப்பொலி எழுந்ததையும், மெலிந்தவர்கள் பெருமிதத்துடன் இறங்கியதையும் கண்டோம். சென்ற ஆண்டு வேறொரு தோட்டத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. பால்மரம் வெட்டும் தொழிலாளர் ஒருவர், "எனக்கு இந்தப் பேச்சு எதற்கு ஐயா? நான் ஒல்லிதானே!" என்று கூறிப் புறப்பட முற்பட்டார். தராசின் கணக்கில் அவரிடம் குறையேதும் இல்லை. ஆயினும் சட்டைக்குள் வயிறு மட்டும் முன்தள்ளியிருந்தது. அவரை நிறுத்தி இடுப்பை அளந்தோம், 93 செண்டிமீட்டர். மறுவாரம் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதிக்கப்பட்டபோது நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. கால்விரலில் நெடுநாளாக ஆறாதிருந்த புண்ணைக் காலணி கடித்ததென்றே அவர் எண்ணியிருந்தார்.

தராசு ஏன் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை? இதற்கு விடை பால் கொட்டகையிலேயே இருக்கிறது. இன்று பல இடங்களில் மங்கில் உறைந்த கட்டியாகவே பால் எடுக்கப்பட்டாலும், மெட்ரோலாக் கருவியை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். வாளிப் பாலை நிறுத்தால் மட்டும் போதாது. அதில் ரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு என்பதை அறிய வேண்டும். ரப்பர் நீரைவிட இலேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் அக்கருவி ஆழமாக அமிழும். நீர் கலந்த பாலில் மேலே நிற்கும். மழை நாளில் வாளி நிறைந்திருந்தும் கணக்குக் குறைந்ததற்காகக் கிராணியாரோடு வாதிட்டவர்கள் இங்கே இல்லாமலா இருப்பார்கள்!

மனித உடலும் அவ்வாறே. கொழுப்பு நீரைவிட இலேசானது. தசை நீரைவிடக் கனமானது. அமெரிக்கக் கடற்படை மருத்துவரான ஆல்பர்ட் பென்கி, மனிதரை நீரில் அமிழ்த்தி நிறுத்து, உடலில் கொழுப்பு எவ்வளவு என்று கணித்தார். எடைப் பட்டியலின்படி படைக்குத் தகுதியற்றவர்களாகக் கருதத்தக்க கால்பந்து வீரர்கள் பலருக்கு எடையைக் கூட்டியது தசையே என்பதை அவர் 1942இல் எடுத்துக் காட்டினார். நாம் கண்ட தொழிலாளர் இதற்கு நேர் எதிரானவர்.

இன்று கடைகளில் விற்கும் மின்தராசு, ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்திற்கு உணரவியலாத சிறு மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. நீர் நிறைந்த தசை அதனை எளிதில் விடும், கொழுப்பு தடுக்கும். இத்தடையைக் கொண்டே கொழுப்பின் அளவு கணிக்கப்படுகிறது. ஆனால் வெயிலில் வியர்த்து வந்த உடனோ, நிறைய நீர் பருகிய பின்னரோ ஏறினால் கணக்குப் பிசகும். இதயத்தில் மின்கருவி பொருத்தியவர்கள் இதில் ஏறவே கூடாது.

எமக்கு வியப்பளிப்பது யாதெனின், இக்கருவிகளுக்கிடையே தையற்காரரின் நாடா இன்னும் மதிப்பிழக்கவில்லை என்பதே. கடைசி விலா எலும்பிற்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிற்கும் நடுவே, இயல்பாக மூச்சு விட்டபின், நாடாவைச் சுற்ற வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வதில் பயனில்லை! ஆசியர்களில் ஆண்களுக்கு 90 செண்டிமீட்டரும் பெண்களுக்கு 80 செண்டிமீட்டரும் எல்லை. ஐரோப்பியரைவிட நமக்குக் குறைந்த எடையிலேயே நோய் தோன்றுவதால், எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் 23ஐ எட்டினாலே விழிப்பு வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் அறிவித்தது. 160 செண்டிமீட்டர் உயரமுள்ளவர் 64 கிலோ இருந்தால் அவ்வெண் 25. மலேசியாவில் 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள் எனத் தெரிந்தது.

சிகிச்சையும் வளர்ந்துள்ளது. இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவையைச் சிறு துளைகள் வழியே செய்கின்றனர். பேனா போன்ற ஊசியால் வாரம் ஒருமுறை செலுத்தும் செமாகுளுடைட் மருந்து, 2021இல் அமெரிக்காவில் உடற்பருமனுக்கென அனுமதி பெற்றது. குடலில் சுரந்து சில நிமிடங்களில் அழிந்துவிடும் ஹார்மோன் ஒன்றைப் போலவே செய்து, நாட்கணக்கில் நிலைக்குமாறு அதனை அமைத்துள்ளனர். அது பசியைத் தணிக்கும்; நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பக்கூடும். மருத்துவர் கையெழுத்தின்றி அதனை வாங்கலாகாது.

கைத்தொலைபேசியில் விளம்பரமாகும் "மெலிவுக் காப்பி" பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இத்தகைய சில பொடிகளில் சிபுட்ராமின் கலந்திருந்தது சோதனையில் வெளிப்பட்டு, சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. மாரடைப்புக்கும் பக்கவாதத்திற்கும் இடமளிப்பதால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட மருந்து அது. இரத்த அழுத்தமுள்ள ஒருவர் அறியாமல் அதனைக் காலைதோறும் அருந்தினால் நேரக்கூடியதை எண்ணிப் பாருங்கள். வீட்டில் அப்பொட்டலம் இருந்தால் சுகாதார நிலையத்திற்கு எடுத்துச் சென்று காட்டுங்கள்.

மேசையின்மீது இரு நாடாக்கள் இருக்கின்றன. தாய்மார்களை அளக்கச் செவிலியர் பக்கத்து அறையில் காத்திருக்கிறார். சற்று முன் தராசைக் கண்டு சிரித்த இளைஞர்கள் முதலில் வரலாம்.