பல்லில் தெரியும் தண்ணீர்



தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பணியாற்றியவர்கள் பழுப்புக் கறை படிந்த பற்களுள்ள பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். "ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லையா?" என்று நாமே கேட்டிருப்போம். அது தேய்த்தால் போகும் அழுக்கு அன்று. ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள ஃபுளூரைடு விட்ட தடம்.

பாறையிலிருந்து நீரில் கரையும் ஃபுளூரைடு, குடல்வழி இரத்தத்தில் கலக்கிறது. ஒரு பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றும். மீதி எலும்பிலும் வளரும் பல்லிலும் தங்கிவிடும். நிலைப்பற்களின் எனாமல் பெரும்பாலும் 8 வயதுக்குள் உருவாகிறது. அப்போது ஃபுளூரைடு மிகுந்தால் கறை நிலைத்துவிடும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மூட்டுகளும் இறுகும்.

லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. ஃபுளூரைடு கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தக் குழாயில் நீர் வராத நாளில் நம் பிள்ளைகள் எதைக் குடிக்கிறார்கள்? அந்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்புவோம். கறைப்பல் பிள்ளையைக் கண்டிக்க வேண்டாம். வாய் பொத்தாமல் சிரிக்க விடுவோம்.