டெர்மினல் மாத்தினேன், அப்பாவோட பாக்கிக் கணக்கு மாறிடுச்சு

டெர்மினல் மாத்தினா என்ன கிடைக்கும்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வேகம், தீம் பத்தியெல்லாம் ஆயிரம் வீடியோ இருக்கு. நான் வேற ஒண்ணு சொல்றேன்.

மாங்கனித் திருவிழாவுக்குக் காரைக்கால் போயிருந்தேன். அப்பாவோட மளிகைக் கடை பாக்கிக் கணக்கை சிஎஸ்வி ஃபைலா வச்சிருக்கேன். பேரெல்லாம் தமிழ்ல. விம்லதான் திருத்துவேன், சிரிக்காதீங்க. அந்த வாரம்தான் புது டெர்மினலுக்கு மாறியிருந்தேன். எதுன்னு வேண்டாம், இது பல டெர்மினல்ல இருக்கிற சிக்கல். ஒரு தொகைக்குப் பின்னாடி தேவையில்லாத ஸ்பேஸ் ஒண்ணு இருந்துச்சு. கர்சர் அதுமேல நிக்கிற மாதிரிதான் தெரிஞ்சுது. எக்ஸ் தட்டி, சேவ் பண்ணி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்துட்டேன்.

அழிஞ்சது ஸ்பேஸ் இல்ல, கடைசி சுழி. 1450 ரூபாய் 145 ஆயிடுச்சு. பணம் கட்ட வந்த அக்காவேதான், "இல்ல தம்பி, ஆயிரத்து நானூத்தி அம்பது"ன்னு சொன்னாங்க. அப்பா என்னைத் திட்டல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

ஏன் இப்படி? டெர்மினல் இன்னைக்கும் கட்டம் போட்ட நோட்டுதான். 1978ல வந்த விடி100 திரையில 24 வரி, வரிக்கு 80 கட்டம், எழுத்துக்கு ஒரு கட்டம். ஆங்கிலத்துக்கு அது போதும். 'காரைக்கால்' நமக்கு 5 எழுத்து, யூனிகோடுக்கு 10 குறியீடு. 'ரை'யில ரகரம்தான் முதல்ல சேமிக்கப்படும், ஆனா வரையும்போது கொம்பு முன்னாடி வரணும். இது தெரியாத டெர்மினல் எழுத்தை உதிர்த்துடும். அதைவிட மோசம், விம் ஒரு அகலம் எண்ணும், டெர்மினல் வேற அகலத்துல வரையும். அப்போ கர்சர் காட்டுற இடமே பொய்.

கிட்டியும் வெஸ்டெர்மும் ஹார்ஃப்பஸ் வச்சு எழுத்தைச் சேர்க்குது. ஆனாலும் 'ணை' மாதிரி அகலமான எழுத்தைக் கட்டத்துக்குள்ளதான் அடைக்கணும். எம்எல்டெர்ம் பல மொழிக்காகவே எழுதினது. பார்க்க அழகா இருக்காது, இந்திய எழுத்துகளைக் கவனிச்சிருக்காங்க. கிட்டிக்கு மாறினவங்க சர்வர்ல எஸ்எஸ்எச் போட்டா 'எக்ஸ்டெர்ம்-கிட்டி' தெரியாதுன்னு எரர் வரலாம். அங்க டெர்மின்ஃபோ இல்லைன்னு அர்த்தம், 'கிட்டன் எஸ்எஸ்எச்' போடுங்க.

இப்போ எதுக்கு மாறினாலும் முதல்ல காரைக்கால்னு அடிச்சு, கர்சரை நடுவுல ஓட்டிப் பார்க்கிறேன். பாக்கி ஃபைலை லிப்ரெஆபீஸ்லதான் திறக்கிறேன். அப்பா பழைய நோட்டை மறுபடி எடுத்துட்டாரு. என் பிரிண்ட்டைப் பக்கத்துல வச்சு, வரி வரியா டிக் போடுறாரு.