கயிற்றை மிதித்த ஒகானே
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



ஜப்பான் நாட்டுப் படம் ஒன்றைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறேன். வரைந்தவர் குனியோஷி. பட்டுக்குச் சாயம் தோய்ப்பவரின் மகன். 1830-களின் தொடக்கத்தில் வெளிவந்த படம். மரப்பலகையில் செதுக்கி, வண்ணத்துக்கு ஒரு பலகையாக வைத்துத் தாளில் அச்சடித்தது.

படத்தில் இருப்பவள் ஒகானே. ஓமி என்னும் ஏரிக்கரை நாட்டுப் பெண். 1254-ஆம் ஆண்டுக் கதைத் தொகுப்பிலேயே அவள் கதை உண்டு.

மிரண்ட குதிரை ஒன்று கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடி வருகிறது. ஒகானே என்ன செய்தாள் தெரியுமா, பிள்ளைகளே? கத்தவில்லை, கம்பெடுக்கவில்லை. தரையில் இழுபட்ட கயிற்றைத் தன் கட்டைச் செருப்பால் ஒரே மிதி! கணுக்கால் வரை மணலில் புதைந்ததாம். அப்போதும் அவள் காலை எடுக்கவில்லை. குதிரை நின்றுவிட்டது.

படத்திலே குதிரை துள்ளுகிறது. அவளோ அசையாமல் நிற்கிறாள்.

பெற்றோர்களே, கஷ்டம் என்கிற குதிரை எல்லார் வீட்டுக்கும் வரும். அப்போது சில வீடுகளில், "படிச்சது போதும்மா, தம்பியைப் பார்த்துக்க" என்று பெண் பிள்ளையிடம் சொல்கிறோம். குதிரையை நிறுத்தக்கூடியவளையே காலை எடு என்கிறோம். அப்புறம் யார் நிறுத்துவது?

மாணவிகளே, படிப்புதான் உங்கள் கயிறு. மிதித்த காலை எடுக்காதீர்கள்.