சின்னத் தாத்தாவின் திதி

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பட்டாளம் என்றால் வெலிமடையில் உள்ள நமக்குத் தியத்தலாவை முகாம்தான் நினைவுக்கு வரும். என் தாத்தாவின் தம்பி சேர்ந்த பட்டாளமோ வேறு. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆட்கள் இலங்கை வருவதைத் தடை செய்தபோது அவர் திருச்சிப் பக்கத்துச் சொந்த ஊரில் இருந்தார். அங்கிருந்தே மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தார். சண்டையில் இறந்தார் என்ற செய்தி மட்டும் வெகுநாள் கழித்து லயத்துக்கு வந்தது. நாள் தெரியாததால் என் தந்தையார் ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்றே தர்ப்பணம் செய்து வந்தார். அவர் மனத்தை அரித்தது ஒன்றுதான்: சித்தப்பாவுக்குக் கொள்ளி வைத்தார்களா?

பின்னாளில் ஊரிலிருந்து வந்த தகரப் பெட்டியில் ஆறுமுனைப் பர்மா நட்சத்திரம் ஒன்று இருந்தது. பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கொடுத்த நட்சத்திரத்தில் பெயர் இராது. இந்தியப் படையினருக்குக் கொடுத்ததில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் பதிவேட்டை இன்று இணையத்தில் எவரும் பார்க்கலாம். பெயரால் தேடி அலுத்தோம். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாக்களின் கற்பனைக்கு எல்லையே இல்லை! எண்ணைக் கொடுத்ததும் அகப்பட்டார். தகப்பனார் பெயர், ஊர், இறந்த நாள் எல்லாம் இருந்தன. 1944 ஜூன் மாத நடுப்பகுதி. மார்ச்சில் ஜப்பானியர் தொடங்கிய இம்பால் முற்றுகை உடைந்து, கோஹிமா சாலை திறந்தது ஜூன் 22ஆம் தேதி. சில நாள் பொறுத்திருக்கலாம் அந்த எமன்.

அடுத்து அவர் கம்பெனியின் போர் நாட்குறிப்பு. இலண்டனில் கியூ என்னுமிடத்துத் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து நண்பர் ஒருவர் அதன் படங்களை எடுத்து அனுப்பினார். அதில் இடங்களைப் பெரும்பாலும் ஆறு இலக்க எண்ணால் குறித்திருந்தார்கள். இந்திய நில அளவைத் துறையின் 83 எச் என்ற தாளை விரித்து நாங்களாகவே தேடினோம். லோக்டாக் ஏரியின் நடுவே போய் நின்றோம்! தியத்தலாவையில் நில அளவை பயின்ற தம்பி ஒருவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, முதல் மூன்று இலக்கம் மேற்கிலிருந்து கிழக்கே, அடுத்த மூன்றும் தெற்கிலிருந்து வடக்கே. நீங்கள் மாற்றிப் படித்துவிட்டீர்கள்." திருத்தியபோது பிஷன்பூருக்குத் தெற்கே சாலையோரம் விரல் நின்றது. அன்றைய குறிப்பு இரண்டே வரி: கனத்த மழை, கண்ணிவெடி அகற்றுகையில் இந்தியச் சிப்பாய் ஒருவர் மரணம், மூவருக்குக் காயம். பெயர் எழுதவில்லை. அதிகாரிக்குச் சிறு காய்ச்சல் வந்தால் பெயரோடு எழுதியவர்கள், இவருக்கு எழுதவில்லை. ஆயினும் கம்பெனியும் நாளும் பதிவேட்டோடு ஒத்தன. அன்று மாண்டவர் ஒருவரே.

தந்தையாரிடம் படித்துக் காட்டினேன். தாரண வருடத்துப் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்து, ஆனித் தேய்பிறையில் திதியைக் குறித்துக்கொண்டார். நெடுநேரம் பேசாமல் இருந்து, "கனத்த மழை என்கிறாயே, கட்டை எரிந்திருக்குமா?" என்று கேட்டார்.

பதிவேட்டின் கடைசி வரியை அப்போதுதான் சொன்னேன். அவர் பெயர் இருப்பது கல்லறையில் அன்று. தத்தம் சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கியப் படையினருக்காக இம்பாலில் எழுப்பிய தகன நினைவுச் சின்னத்தில்.

"அப்படியானால் எரித்துத்தான் இருக்கிறார்கள்" என்றார் தந்தையார். இவ்வாண்டு ஆனியில், அந்தத் திதியிலேயே தர்ப்பணம் செய்தார்.