கெய்ரோவில் ஒரு பருவம்



அயல்நாட்டுக் கல்வி என்றதும் நம்மிற் பலர்க்கு இலண்டன் மாநகரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் நினைவுக்கு வரும். அரபு நாடுகளின் பெயரைக் கேட்டாலோ வேலைதான் நினைவுக்கு வரும். நான் பிறந்து வளர்ந்த சுரண்டையிலும் இதே நிலைதான். தென்காசிக்குக் கிழக்கே, குற்றாலச் சாரற்காற்று எட்டும் தொலைவில் இருப்பது எங்கள் ஊர். எங்கள் பக்கத்து ஊர்களில், வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றவர் ஒருவரேனும் இல்லாத தெரு அரிது. அங்கிருந்து பணம் வருகிறது. அதனுடன் அரபு எழுத்துகள் நிறைந்த தாள்களும் வருகின்றன. பணத்தை எண்ணத் தெரிந்த நமக்கு அத்தாள்களைப் படிக்கத் தெரிவதில்லை.

கல்லூரியில் வரலாறு பயின்றுகொண்டிருந்த காலத்தில், ஒரு பருவம், அதாவது ஐந்து திங்கள், எகிப்தின் தலைநகரான கெய்ரோவில் தங்கி அரபு மொழி பயிலும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்குக் கற்றவற்றுள் நம் ஊருக்குப் பயன்படும் என்று நான் கருதும் ஒன்றை இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, அரபு மொழி நமக்கு முற்றும் அயலானதன்று. அரபு வணிகர் நம் கீழைக் கடற்கரையை ‘மஃபர்’ என்று அழைத்தனர். கடந்து செல்லும் இடம் என்பது அதன் பொருள். 14ஆம் நூற்றாண்டில் இபின் பதூதா என்னும் மொராக்கோ நாட்டுப் பயணி இக்கரைக்கு வந்து, மதுரை வரை சென்று, தாம் கண்டவற்றை எழுதிவைத்தார். பிற்காலத்தில் நவாபுகளின் ஆட்சியில், பாரசீகத்தின் வழியாக, அரபுச் சொற்கள் பல நம் பேச்சில் நுழைந்தன. அசல், நகல், பாக்கி, வசூல், மகசூல், வக்கீல், ஜாமீன் என்னும் சொற்களை நம் உழவர்கள் நாள்தோறும் வழங்குகின்றனர். இவை யாவும் அரபுச் சொற்களே. கெய்ரோ வகுப்பறையில் ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்ததும் மாணவர் ‘ஹாதிர்’ என்று விடையிறுப்பர். நம் நீதிமன்றங்களில் ஒலிக்கும் ‘ஆஜர்’ என்பது அச்சொல்லே. எங்கள் வீட்டு அடுக்களையில் இருக்கும் புளிக்கு அங்கே ‘தமர் ஹிந்தி’ என்று பெயர். இந்தியப் பேரீச்சை என்பது அதன் பொருள். புளியைக் கரைத்துச் சர்க்கரையிட்ட பானத்தைத் தெருவிலே விற்கின்றனர். அதை அருந்தியபொழுது கடல் கடந்து வந்திருக்கிறோம் என்னும் எண்ணமே எனக்குச் சற்று மறந்துபோயிற்று.

இனி வகுப்பறைக்கு வருவோம். அரபு நெடுங்கணக்கில் 28 எழுத்துகள் உண்டு. வலமிருந்து இடமாக எழுதுவர். பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகளாலான ஒரு வேரிலிருந்து கிளைக்கின்றன. க, த, ப என்னும் ஒலிகளைக் கொண்ட ஒரு வேரிலிருந்து, கிதாப் என்றால் நூல், காதிப் என்றால் எழுதுபவர், மக்தப் என்றால் அலுவலகம், மக்தபா என்றால் நூலகம் எனச் சொற்கள் பிறக்கின்றன. வேரை அறிந்தவர் அறியாத சொல்லின் பொருளையும் ஓரளவு ஊகிக்கலாம். நாம் ழகரத்தைத் தமிழின் சிறப்பெழுத்து என்று போற்றுவதுபோல, அவர்கள் ‘தாத்’ என்னும் எழுத்தின் பெயரால் தம் மொழியைத் ‘தாத் மொழி’ என்றே பெருமையுடன் குறிப்பிடுகின்றனர்.

வகுப்பில் கற்றதைத் தெருவில் பேசிப் பார்க்கும்பொழுதுதான் அம்மொழியின் உண்மை இயல்பு புலனாகிறது. ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்பதை நூலில் ‘மாதா துரீது’ என்று படிப்போம். கடைக்காரர் ‘ஆயிஸ் ஏ’ என்பார். இப்பொழுது என்பதற்கு நூலில் ‘அல்ஆன்’, தெருவில் ‘தில்வஅத்தி’. காப்பி நூலில் ‘கஹ்வா’, தெருவில் ‘அஹ்வா’. ரொட்டியை நூல் ‘குப்ஸ்’ என்கிறது. எகிப்தியரோ ‘ஏஷ்’ என்கின்றனர். வாழ்வு என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்த சொல் அது. நூல் வழக்கை ‘ஃபுஸ்ஹா’ என்றும், பேச்சு வழக்கை ‘ஆம்மிய்யா’ என்றும் கூறுவர். செய்தித்தாளும் சட்டமும் பாடநூலும் முன்னதில் இயங்குகின்றன. வீடும் சந்தையும் பின்னதில் இயங்குகின்றன.

என்னுடன் பயின்ற ஐரோப்பிய மாணவர் சிலர், ஒரு மொழி கற்க வந்து இரண்டு மொழி கற்க நேர்ந்ததே என்று மலைத்தனர். எனக்கு அந்த மலைப்புத் தோன்றவில்லை. ‘வருகிறேன்’ என்று எழுதிவிட்டு ‘வாரேன்’ என்று பேசும் ஊரிலிருந்து சென்றவன் அல்லவா? 1959ஆம் ஆண்டில் சார்லஸ் ஃபெர்குசன் என்னும் அமெரிக்க மொழியியல் அறிஞர், இவ்வாறு உயர்வழக்கும் பேச்சுவழக்கும் தொழிலால் பிரிந்து நிற்கும் நிலையை ஆராய்ந்து ஒரு புகழ்பெற்ற கட்டுரை வெளியிட்டார். அதில் அவர் முதன்மைச் சான்றாகக் காட்டிய நான்கு மொழிகளுள் அரபு ஒன்று. இந்த இரட்டை வழக்கு தமிழருக்குப் பால்குடித்த நாள் முதல் பழக்கமானது. எந்த இடத்தில் எந்த நடை பொருந்தும் என்னும் உணர்வு நமக்கு இயல்பாகவே உண்டு. அரபு கற்கப் புகும் தமிழ் மாணவனுக்கு அது ஒரு முதலாகும்.

நகரமும் எங்களுக்கு ஆசிரியராக விளங்கியது. பேருந்துகளின் எண்களே ஒரு பாடம்; அவர்கள் எழுதும் ஐந்து நம் பூச்சியம் போன்றிருக்கும், பூச்சியமோ வெறும் புள்ளியாக இருக்கும். உலகம் அரபு எண்கள் என்று எவற்றைச் சொல்கிறதோ அவற்றின் மூலத்தை அறிந்த அரபியர், தாம் எழுதும் எண்களை இந்திய எண்கள் என்றே சொல்கின்றனர். 972இல் தொழுகைக்குத் திறக்கப்பெற்ற அல்அஸ்ஹர் பள்ளிவாசல் பின்னர் உலகறிந்த கல்விக்கூடமாயிற்று. மேல் எகிப்தின் சிற்றூர் ஒன்றில் 1889இல் பிறந்து, இளமையிலேயே கண்பார்வையை இழந்த தாஹா ஹுசைன், 1902இல் அங்கே மாணவராய்ச் சேர்ந்தார். 1914இல் கெய்ரோவின் புதிய பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1950இல் நாட்டின் கல்வி அமைச்சரானார். சிற்றூரிலிருந்து சென்ற எனக்கு அவர் வரலாறு ஊக்கமளித்தது.

நான் சொல்ல வந்த செய்தி இனித்தான் வருகிறது. எங்கள் பகுதியில் அரபு மொழி இல்லாமலில்லை. இரு துண்டாக இருக்கிறது. பதினைந்து ஆண்டு வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர் அரபியரோடு சரளமாக உரையாடுவார். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க அறியார். மதரசாவில் பயின்ற சிறுவன் எழுத்துகளைத் திருத்தமாக ஓதுவான். ஆனால் சட்ட வாசகத்தின் பொருளறியும் பயிற்சி அவனுக்குப் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. வேலை ஒப்பந்தமோ ஃபுஸ்ஹாவில் எழுதப்படுகிறது. சவூதி அரேபியாவின் 2005ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் அரபு வாசகத்துடன் வேறு மொழியும் இருந்தால் அரபு வாசகமே செல்லும் என்று விதிக்கிறது. ஆகவே, படிக்க முடியாத பக்கமே நம்மவரைக் கட்டுப்படுத்தும் பக்கமாகிறது.

நான் ஊர் திரும்பிய சில நாட்களில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தம் மகனின் ஒப்பந்தத் தாளைக் கொண்டுவந்து, “தம்பி, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க” என்றார். மின் பணியாளர் வேலை என்று அவர்களிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். அரபுப் பக்கத்திலோ ‘ஆமில் ஆதீ’ என்றிருந்தது. சாதாரணக் கூலியாள் என்பது அதன் பொருள். சட்டம் ‘அமலுக்கு’ வந்தது என்கிறோமே, அந்த அமலும் இந்த ஆமிலும் ஒரே வேரில் பிறந்தவை. அந்த இளைஞர் அன்று கையொப்பமிடவில்லை. தொழிலின் பெயரைத் திருத்திய தாள் வந்த பின்னரே கையொப்பமிட்டார். ஐந்து திங்கட் கல்வியால் விளைந்த பயனாக நான் கருதுவது அந்த ஒரு சொல்லைப் படிக்க முடிந்ததைத்தான்.

மாணவ நண்பர்களே, எல்லோரும் கெய்ரோ செல்ல இயலாது, செல்லவேண்டும் என்பதுமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீக, உருதுத் துறை 1927 முதல் இயங்கி வருகிறது. திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் 1951இல் தோன்றியவை. அங்கும் அரபு பயிலலாம். ஊரில் பேச்சரபு அறிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். நூலரபைக் கல்லூரியிலும் பேச்சரபை அப்பெரியவர்களிடமும் கற்று, இரண்டையும் ஒருவர் தம்மிடத்தே சேர்த்துக்கொண்டால், அவருடைய வீட்டுத் திண்ணைக்கு நாளை பல தாள்கள் வந்து சேரும். அவற்றைப் பொறுமையோடு படித்துச் சொல்ல ஊருக்கு ஒருவரேனும் முன்வரவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.